கெதியாக வந்த பதில்

கொழும்பில் சில வருடங்கள் மென்பொருள் எழுதிவிட்டு, அப்பாவின் நெஞ்சு வருத்தம் கூடியபோது உயிலங்குளத்துக்குத் திரும்பி வந்தேன். வயலைப் பார்க்கக் குத்தகைக்காரர் இருந்தார். அப்பாவைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அம்மா காலமாகிவிட்டார், அண்ணன் லண்டனில். படித்த படிப்புக்கு மன்னாரில் வேலை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மன்னார்ப் பட்டினத்தில், கரையோரத்து மீனவர் சங்கங்கள் சேர்ந்து நடத்தும் ஓர் ஒன்றியத்தின் கந்தோரில் கணினி தெரிந்த ஒருவர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கிருந்த செயலாளர் என் சான்றிதழ்களைப் பெரிதாகப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே முனகிக்கொண்டிருந்த சேவர் கணினியைக் காட்டி, "இதோட ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ பிள்ளை. எங்களோட அது கதைக்குதில்லை" என்றார். அன்றைக்கே வேலை தொடங்கிவிட்டது.

செயலாளர் ஐம்பதைக் கடந்தவர். ஒரு காலத்தில் தானும் கடலுக்குப் போனவர். முழங்கால் பழுதான பிறகு கந்தோருக்கு வந்தவர். கணினியை அவர் ஒரு வயதுபோன உறவினரைப் போல நடத்தினார். கேட்டதற்குப் பதில் வந்தால் நன்றி, வராவிட்டால் கோபமில்லை.

அந்தக் கணினி முறையை எனக்கு முன்பு இருந்த ஓர் இளைஞர் தனியாளாக எழுதிவிட்டுக் கனடாவுக்குப் போயிருந்தார். கெட்டிக்காரர் என்பது அவர் எழுதிய நிரலைப் பார்த்தவுடனேயே தெரிந்தது. வழக்கமாக இந்த மாதிரி வேலைக்கு எல்லோரும் அட்டவணைகள் உள்ள தரவுத்தளத்தைத்தான் எடுப்பார்கள்: படகுகளுக்கு ஓர் அட்டவணை, ஆட்களுக்கு ஒன்று, கடற்பயணங்களுக்கு ஒன்று. அவர் பொருள்நோக்குத் தரவுத்தளம் ஒன்றை எடுத்திருந்தார். அதில் அட்டவணை இல்லை. ஒவ்வொரு படகும் தனிப் பொருள், ஒவ்வொரு ஆளும் தனிப் பொருள். படகுக்குள் அதன் சொந்தக்காரரை நோக்கி ஒரு சுட்டி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் சொந்தக்காரர் வருவார். அவரிடமிருந்து இன்னொரு சுட்டியைப் பிடித்தால் அவருடைய போன் இலக்கம் வரும். ஒரு படகின் பிறப்பு வளர்ப்பை அதனிடம் கேட்டால் உடனே சொல்லும். நூறு படகுகளைப் பற்றி ஒரே கேள்வியாகக் கேட்டால் திணறிவிடும்.

படகு வெளிக்கிடும்போது எந்தப் பக்கம் போகிறது என்பதையும், கரைக்கு வந்ததும் மற்ற எல்லாவற்றையும், மீன் நிறுக்கும் இடத்தில் இருப்பவர் போனிலேயே பதிவார். எங்கே வலை போட்டார்கள், என்ன பட்டது, வழியில் ஏதாவது கண்டார்களா. கடைசிக் கேள்வியைச் செயலாளர்தான் வற்புறுத்திச் சேர்த்தவராம். அறுந்து மிதக்கும் வலை, கவிழ்ந்து கிடக்கும் படகு, மரக்கட்டை, எதுவென்றாலும் சொல்ல வேண்டும்.

நான் வந்தபோது, தரவுத்தளத்திடம் கேட்பதில் எல்லோரும் அலுத்துக்கொண்ட வினவல் ஒன்று இருந்தது. இன்ன நாளில், கடலில் இன்ன இடத்துக்குக் கிட்ட எந்தெந்தப் படகுகள் நின்றன, அவற்றில் போன ஆட்களில் யாரைப் போனில் பிடிக்கலாம்? இதைக் கேட்டுவிட்டு முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். எப்போதாவது ஒருமுறைதான் தேவைப்படும் என்பதால் யாரும் அதைத் திருத்த நினைக்கவில்லை. கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். நானும் பார்ப்போம் என்று தள்ளிவைத்தேன்.

அந்த வருடம் சோளகக் காற்று எழும்பிய கையோடு, மன்னார்த் தீவின் தெற்குக் கரையிலிருந்து பின்னேரம் போன ஒரு ஃபைபர் படகு காலையில் திரும்பவில்லை. அதில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர். நான் பஸ்ஸால் இறங்கிக் கந்தோருக்கு வந்தபோது செயலாளர் எனக்கு முன்பே வந்து சேவரைப் போட்டு வைத்திருந்தார். என் மேசைக்கு எதிரே இருந்த கதிரையில் ஒரு பெண் இருந்தார். மூத்தவரின் மனைவி. முப்பத்தைந்து வயது இருக்கும். நண்டுக் கம்பனியில் வேலை செய்பவர். வேலைக்கு உடுத்துகிற உடுப்போடேயே வந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். இருங்கோ அக்கா என்று சொல்லிவிட்டு நான் வினவலை ஓடவிட்டேன்.

அந்த முக்கால் மணித்தியாலமும் மூன்று பேரும் அங்கேயே காத்திருந்தோம். திரையில் ஒரு சின்னக் கோடு சுற்றிக்கொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. செயலாளர் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். கடைசியாகச் சில படகுகளின் பெயர்களும் போன் இலக்கங்களும் வந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கதைத்தார். ஒருவர் மட்டும், பொழுது படுகிற நேரம் அவர்களைக் கண்டதாகச் சொன்னார். வலை இறக்கிக்கொண்டு நின்றார்களாம். கை காட்டினார்களாம். அதற்குப் பிறகு காற்று மாறிவிட்டதால் தான் கரைக்கு ஓடி வந்துவிட்டதாகச் சொன்னார்.

படகுகள் தேடிப் போயின. கடற்படையும் தேடியது. ஒரு கிழமைக்கு மேல் கரையில் ஒருவரும் ஒழுங்காகத் தொழிலுக்குப் போகவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. படகின் ஒரு துண்டு, வலையின் ஒரு மிதவை, எதுவும் இல்லை.

எல்லோரும் தொழிலுக்குத் திரும்பிய பிறகு அந்த அக்கா மறுபடியும் கந்தோருக்கு வந்தார். அன்றன்று வருகிற படகுகள் தாங்கள் கண்டதைப் பதிகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. யாராவது அந்தப் பக்கம் போய் எதையாவது கண்டு, சொல்ல மறந்து, பதிவில் மட்டும் விட்டிருக்கலாம் அல்லவா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதே வினவலைக் கொஞ்சம் மாற்றி, காணாமல் போன நாளிலிருந்து இன்றுவரை அந்த இடத்தையும் நீரோட்டம் இழுக்கக்கூடிய இடங்களையும் கடந்த படகுகள் எதையாவது கண்டனவா என்று கேட்கும்படி எழுதிக் கொடுத்தேன். இது முதலில் இருந்ததை விட இன்னும் நேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு கிழமையில் இரண்டு மூன்று நாள், கம்பனி வேலை முடிந்து வருவார். நான் வினவலை ஓடவிடுவேன். அவர் கதிரையில் இருப்பார். முதல் சில நாட்கள் கதைத்தோம். மகள் பத்தாம் வகுப்பு, மகன் சின்னவன். மாமியார் வீட்டில்தான் இருக்கிறார்கள். மாமியாரின் இரண்டு பிள்ளைகளும் ஒரே படகில் போனவர்கள். அவர் தேவாலயத்தில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்து, இறந்தவர்களாக நினைத்து மன்றாடலாம் என்று சொல்லத் தொடங்கியிருந்தார். அக்கா விடவில்லை.

"நான் மாமிக்குச் சொல்லிப்போட்டன் தங்கச்சி, கந்தோரில கொம்பியூட்டர் இன்னும் தேடுது எண்டு" என்றார். "தேடி முடியட்டும், பிறகு பூசையைப் பாப்பம் எண்டனான்."

அது உண்மையும்தான்.

ஒரு நாள் நான் திரையிலிருந்து தலையைத் தூக்கியபோது அவர் கதிரையிலேயே நித்திரையாகிப் போயிருந்தார். தலை சுவரில் சாய்ந்து, கையில் செபமாலை அப்படியே இருந்தது. மேலே காற்றாடி சுற்றியது. வினவல் முடிந்தும் நான் எழுப்பவில்லை. பிறகு தானாக விழித்து, கூச்சப்பட்டு, வீட்டில் கண் மூடுவதே இல்லை என்றார். மூடினால் கடல் இரைகிற சத்தம்தான் கேட்கிறதாம். இங்கே சேவரின் இரைச்சலில் அது கேட்கவில்லையாம். அதற்குப் பிறகு வருகிற நாட்களில் எல்லாம், நான் வினவலைப் போட்டதும் அவர் நித்திரையாகிவிடுவார். பதில் வந்ததும் எழுப்பச் சொல்வார். பதில் என்றைக்கும் ஒன்றுதான்: பொருந்தும் பதிவு எதுவும் இல்லை.

ஒரேயொருமுறை ஒன்று வந்தது. தலைமன்னார்ப் பக்கத்துப் படகு ஒன்று ஒரு பெற்றோல் கானைக் கண்டு எடுத்து வந்திருந்தது. அக்கா அன்றே பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர்களுடைய கான் இல்லை. மூடி வேறு நிறம். அதைச் சொல்வதற்காகவே மறுநாள் கந்தோருக்கு வந்து, சொல்லிவிட்டு, இருக்காமல் போய்விட்டார்.

அந்தக் காலத்தில்தான் நான் அந்த வினவலைத் திருத்தத் தொடங்கினேன். அந்த அக்காவுக்காக மட்டும் என்று சொல்லமாட்டேன். முதல் நாள் காலையில் காத்திருந்தே போன நேரம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த படகு வராமல் போகிற நாளில் இப்படிக் காத்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். அப்பாவை முருங்கன் ஆஸ்பத்திரிக்கு மாதாந்தம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அங்கே வரிசையில் இருந்தபடி மடியில் கணினியை வைத்து வேலை செய்தேன். அப்பா பக்கத்தில் இருந்து, கட்டுக்கரைக் குளத்தில் தண்ணீர் இந்தமுறை எவ்வளவு திறப்பார்களோ என்று வருவோர் போவோரிடம் விசாரித்துக்கொண்டிருப்பார்.

பிழை எங்கே என்று பிடிக்கச் சில கிழமைகள் எடுத்தது. அந்த இளைஞர் ஒவ்வொரு பயணத்துக்கும், "நீ இந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றாய்?" என்று கேட்டால் கணக்குப் பார்த்துச் சொல்லும் திறமையை அதற்குள்ளேயே வைத்திருந்தார். பொருள்நோக்கு முறையின் அழகே அதுதான். தூரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது பொருளுக்கு உள்ளே மறைந்திருக்கும். வெளியே இருப்பவருக்கு அது தெரியத் தேவையில்லை. ஆனால் வினவலை எந்த வரிசையில் செய்வது என்று தீர்மானிக்கிற பகுதிக்கும் அது தெரியாது. திகதியைப் பார்ப்பது சின்ன வேலை, தூரத்தைக் கணக்கிடுவது பெரிய வேலை என்பது அதற்கு விளங்காது. இரண்டும் அதன் கண்ணுக்கு ஒன்றே. அதனால் அது எழுதப்பட்ட வரிசைப்படியே போனது. ஒன்றியம் தொடங்கிய நாளிலிருந்து போன ஒவ்வொரு பயணத்தையும் ஒவ்வொன்றாகச் சேவரின் நினைவு வட்டிலிருந்து தூக்கி, தூரத்தைக் கணக்கிட்டு, சுட்டியைப் பிடித்துப் படகுக்குப் போய், படகிலிருந்து ஆட்களுக்குப் போய், ஆட்களிலிருந்து போன் இலக்கத்துக்குப் போய், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் திகதியைப் பார்த்தது. நேற்று நடந்த ஒன்றைக் கேட்டால், எத்தனையோ வருடத்துக்கு முந்திய பயணங்களுக்கெல்லாம் போன் இலக்கம் தேடிக்கொண்டு நின்றது.

நான் வரிசையைத் திருப்பினேன். திகதிப்படி ஒரு சுட்டெண் அமைத்தேன், புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சொற்களை அடுக்கி எந்தப் பக்கம் என்று போட்டிருப்பார்களே, அதுபோல. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு பயணமும் பதியப்படும்போதே எந்தக் கட்டம் என்று குறித்து வைக்கச் செய்தேன். இந்த இரண்டாலும் சல்லடை போட்ட பிறகு மிஞ்சுகிற சில பயணங்களிடம் மட்டும் தூரத்தைக் கேட்டேன். படகையும் அதன் ஆட்களையும் வட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன், ஒன்றைத் தூக்கினால் மற்றதும் கூட வரும்படி. கடைசி மாற்றத்தைச் செய்து, பொத்தானை அழுத்தி, கையை எடுக்க முன்பே பதில் வந்துவிட்டது. நான் நம்பவில்லை. பழையதையும் ஓடவிட்டு இரண்டு பதில்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றேதான்.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லத்தான் வேண்டும். கொழும்பில் எழுதியது எதுவும் அப்படி ஒரு சந்தோசத்தைத் தரவில்லை. பாலத்தைக் கடந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்லிவிடலாமா என்று இருந்தது.

அக்கா அடுத்த நாள் வந்தார். வழக்கம்போலப் பையைக் கதிரைக்குக் கீழே வைத்தார். செபமாலையை எடுக்கப் பைக்குள் கையை விட்டார். நான் பொத்தானை அழுத்தினேன்.

"முடிஞ்சுது அக்கா" என்றேன். "ஒண்டும் இல்லை."

அவர் கையைப் பைக்குள் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன முடிஞ்சுது?"

"தேடினது. இப்ப கெதியாத் தேடும். நான் திருத்திப்போட்டன்."

"எல்லாப் படகையும் பாத்ததோ?"

"ஓம்."

அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கடையில் நிறுவையைச் சந்தேகிக்கிற ஒருவர், சொல்லலாமா விடலாமா என்று யோசிப்பாரே, அப்படி இருந்தது.

"இல்லைத் தங்கச்சி" என்றார் மெதுவாக. "இவ்வளவு கெதியா எண்டா அது வடிவாத் தேடியிருக்காது."

நான் விளங்கப்படுத்தினேன். வரிசை, கட்டம், சுட்டெண் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய பதிலும் புதிய பதிலும் ஒன்று என்று காட்டினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருங்கோ என்றேன். சும்மா என்னெண்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யன்னலால் பார்த்தேன். வெயிலில் பஸ் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

அடுத்த கிழமை அவர் வரவில்லை. அதற்கு அடுத்த கிழமை வந்தபோது முகம் வீங்கியிருந்தது. நித்திரை இல்லாத வீக்கம். மாமியார் விடாமல் கேட்கிறாராம், கொம்பியூட்டர் தேடி முடித்துவிட்டதா என்று. பொய் சொல்ல வாய் வரவில்லை, ஓம் என்று சொல்லவும் வரவில்லை என்றார். பிறகு கேட்டார்:

"முந்தித் தேடினமாதிரி ஒருக்காத் தேட ஏலாதோ?"

பழைய வினவல் அழிக்கப்படாமல் இருந்தது. நான் அதை எடுத்து ஓடவிட்டேன். அவர் கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் தலை சுவரில் சாய்ந்துவிட்டது. என்ன பதில் வரும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். முடிந்ததும் எழுப்பினேன். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

இப்படிக் கொஞ்சக் காலம் போனது. சேவர் சின்னது. பழைய வினவல் ஓடுகிற நேரம் கரைகளில் நிறுக்கிறவர்களுடைய பதிவுகள் எல்லாம் நின்றுவிடும். போன் மேல் போனாக முறைப்பாடு வரும். செயலாளர் ஒரு நாள் அக்கா போன பிறகு கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் வந்து இருந்தார். அவர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தன் தகப்பனும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்தான் என்பதை அன்றுதான் சொன்னார். தாய் தினமும் கரையில் போய் நிற்பாராம். ஒருவரும் தடுக்கவில்லையாம். தடுத்திருக்க வேண்டும் என்று இப்போது நினைப்பதாகச் சொன்னார்.

"பதில் இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டு தேடிக் காட்டாதேங்கோ பிள்ளை" என்றார். "அது அவவுக்கு நல்லதில்லை."

நல்லது எது என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திராது. அடுத்தமுறை அக்கா வந்தபோது, இனி ஓடவிட முடியாது, மற்றவர்களுடைய வேலை நிற்கிறது என்று சொன்னேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. மற்ற ஆக்களுக்கு இடைஞ்சல் எண்டா வேண்டாம் என்றார். அந்த மாதமே மாமியார் கேட்ட பூசை நடந்தது. நானும் செயலாளரும் போனோம். பீடத்துக்கு முன்னால் இரண்டு படங்கள் வைத்திருந்தார்கள். அக்கா முன் வரிசை வாங்கில் முழந்தாளில் இருந்தார். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த சோளகத்தில் இன்னொரு படகு வரவில்லை. இந்தமுறை எங்களுக்கு விடிந்த கையோடு செய்தி வந்துவிட்டது. நான் வீட்டிலிருந்தே இணைந்து கேட்டேன். கண் வெட்டுவதற்குள் நாலு படகுகளின் பெயர் வந்தது. இலக்கங்களைச் செயலாளருக்கு அனுப்பினேன். அவர் உடனே ஒவ்வொருவருக்கும் போன் எடுத்தார். நாலு பேரும் இன்னும் கடலில்தான் நின்றார்கள். கரையிலிருந்து அவ்வளவு தூரத்துக்குப் போன் அலை போகாது. திரும்பத் திரும்ப எடுத்தார். நானும் எடுத்தேன். போனில் ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் மாறி மாறி, நீங்கள் அழைத்தவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பின்னேரம் அவர்கள் கரைக்கு வந்த பிறகுதான் கதைக்க முடிந்தது. அவர்களில் ஒருவர், காலையில் தூரத்தில் ஒரு படகு எஞ்சின் ஓடாமல் ஆடிக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறார். வலை இழுக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டாராம். அதைக் காலையிலேயே அவரிடம் கேட்க முடிந்திருந்தால், அவர் திரும்பிப் போய் இழுத்து வந்திருப்பார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் படகு கவிழ்ந்தபடி கிடைத்தது. ஒருவருடைய உடல் தெற்கே கரை ஒதுங்கியது. மற்றவர் இல்லை.

செயலாளர் என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்: "எங்கட பக்கத்தில ஒரு சுணக்கமும் இல்லைப் பிள்ளை."

அது சரிதான். முக்கால் மணித்தியாலத்தை நான் ஒரு நொடியாக்கியிருந்தேன். அந்தப் பகல் முழுவதும் எங்களிடம் பதில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றும் இருக்கவில்லை. எங்கே நேரம் போகிறது என்று சில கிழமைகள் அளந்து பார்த்த எனக்கு, சேவருக்கு வெளியே அளக்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கடலில் போன் கோபுரம் நடுகிற வேலை என்னுடையது இல்லை. செயலாளர் அதற்காக முன்பே பல இடங்களில் கதைத்துக் களைத்துப் போயிருந்தார்.

அதற்கு அடுத்த வருடம் ஒன்றியத்துக்கு உதவி தருபவர்கள் கொழும்பில் ஒரு நிறுவனத்தைப் பிடித்துப் புதிய மென்பொருள் போட்டார்கள். பார்வைக்கு வடிவானது. அட்டவணைகள் உள்ள தரவுத்தளம். என் சுட்டெண்களும் கட்டங்களும் அதற்குத் தேவைப்படவில்லை. தரவுகளை மாற்ற வந்த பொறியியலாளர் பண்பானவர். இப்போது ஓடுகிற, பாவனையில் உள்ள படகுகளை மட்டும் எடுத்தால் போதும் என்று தனக்குச் சொல்லப்பட்டதாகச் சொன்னார். வராமல் போன படகுகளையும் எடுங்கள் என்று கேட்டேன். அவற்றை எந்த நிலையில் போடுவது என்று கேட்டார். புதிய முறையில் ஒரு படகு பாவனையில் இருக்கலாம், விற்கப்பட்டிருக்கலாம், உடைந்திருக்கலாம். வேறு நிலை இல்லை. உடைந்தது என்று போடலாமா என்றார். அது உடைந்ததா என்று எங்களுக்குத் தெரியாது என்றேன். அப்படியென்றால் விட்டுவிடுவோம் என்றார். வழியில் கண்டதை எழுதுகிற இடமும் புதியதில் இருக்கவில்லை. செயலாளர் அதற்காக இரண்டுமுறை போனில் கதைத்தார். அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். அடுத்த கட்டத்துக்கு உதவி வரவில்லை.

அக்கா கடைசியாகக் கந்தோருக்கு வந்தது அதற்குப் பிறகுதான். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார், பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு. விடைபெற்றுப் போகத்தான் வந்ததாகச் சொன்னார். ஆனால் சொல்லி முடித்த பிறகும் நின்றார். இந்த நாட்களில் யாராவது எதையாவது கண்டார்களா என்று கடைசியாக ஒருக்காக் கேட்டுப் பார்க்கலாமா என்றார். கெதியாக வந்தாலும் பரவாயில்லையாம்.

புதிய திரை என் முன்னால் இருந்தது. படகின் பெயரை அடித்தால் அப்படி ஒரு படகு இல்லை என்று வரும். அதை அவருக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

"இதில அந்தக் கேள்வி கேக்க ஏலாது அக்கா" என்றேன்.

"அப்ப சரி" என்றார். என் கையைப் பிடித்து, அப்பாவை வடிவாகப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

என்னுடைய ஒப்பந்தம் அந்த வருடக் கடைசியில் முடிந்தது. புதிய முறையைக் கொழும்பிலிருந்தே பார்த்துக்கொள்வார்களாம். செயலாளர் மிகவும் வருத்தப்பட்டு, சின்னதாக ஒரு பிரியாவிடை வைத்தார். அப்பா அதற்கு அடுத்த மாரி மழையோடு காலமாகிவிட்டார். இப்போது முருங்கனில் ஒரு நெல் மொத்த வியாபாரியிடம் கணக்குப் பார்க்கிறேன். பொருள்நோக்குத் தரவுத்தளம் தெரியும் என்று சொன்னால் இங்கே ஒருவருக்கும் விளங்காது. வெளியே வேலை தேடியபோதும், அதெல்லாம் பழைய காலத்துச் சங்கதி, இப்போது யாரும் எடுப்பதில்லை என்றுதான் சொன்னார்கள்.

அக்கா சில வெள்ளிக்கிழமைகளில் குவைத்திலிருந்து போன் எடுப்பார். மகள் சோதனை எழுதியதை, மகன் பள்ளிக்கூடம் போக மறுப்பதை, மாமிக்குக் கண் தெரியாமல் போவதைச் சொல்வார். மகன் கரையில்தான் திரிகிறானாம், யாராவது கேட்டால் கடலுக்குப் போகப் போகிறேன் என்று சொல்கிறானாம். அவனோடு நான் ஒருக்காக் கதைக்கலாமா என்று போன கிழமை கேட்டார். ஓம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பாலத்தைக் கடந்து போய் வீட்டில் விசாரித்தேன். மாமியார் விறாந்தையில் தனியாக இருந்தார். நான் யாரென்று பிடிபட அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பொடியன் விடியவே கடலுக்குப் போய்விட்டானாம். யாருடைய படகில் என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார்.